கத்தியும் உரிமமும்: இந்திய ஆயுதச் சட்டத்தில் கூர்மையான ஆயுதங்களின் வரலாறு

சிவகங்கை மாவட்டத்தில் மதுரை - மானாமதுரை சாலையில் உள்ள ஊர் திருப்பாச்சேத்தி. அரிவாளுக்குப் பேர் போனது. அங்குள்ள பட்டறைகளில் தென்னை மட்டை வெட்டவும், கருவேலம் விறகு பிளக்கவும், கரும்பு அறுக்கவும் விதவிதமான அரிவாள்கள் தட்டப்படுகின்றன. ஒன்றரை அடி நீள அலகு கொண்ட அரிவாளை ஒரு விவசாயி விலை பேசி வாங்கி, சைக்கிளில் செருகிக்கொண்டு வீடு போகலாம். அதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை. தில்லியிலோ உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மடக்குக் கத்தி, பொத்தானை அழுத்தினால் அலகு வெளியே வரும் கத்தி, பலரைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறது. ஒரே நாடு, ஒரே சட்டம். பெரிய அரிவாள் வயலுக்குப் போகிறது, சின்னக் கத்தி நீதிமன்றத்துக்குப் போகிறது.

நீளத்தை மட்டும் பார்த்தால் இது விளங்காது. கத்தி எதற்காகச் செய்யப்பட்டது, யார் கையில் இருக்கிறது, எந்த ஊரில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை வைத்துத்தான் இந்தியச் சட்டம் கத்தியைப் பார்க்கிறது. இந்த மூன்றும் ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கிளர்ச்சியோ போராட்டமோ அச்சமோ இருக்கிறது.

மருது பாண்டியர் சீமையிலிருந்து

ஆயுதத்தைப் பறிக்கும் சட்டம் இந்தியாவில் 1857க்குப் பிறகு வந்தது என்று பொதுவாக எழுதுகிறார்கள். நாடு முழுமைக்குமான சட்டம் என்ற அளவில் அது சரி. ஆனால் தமிழ்நாட்டின் தென் பகுதி அதற்கு அரை நூற்றாண்டு முன்பே அதை அனுபவித்துவிட்டது. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்படும், கும்பினி அனுமதித்தவை தவிர மற்ற ஆயுதங்கள் பறிக்கப்படும், மீறும் தலைவர்களுக்கு மரண தண்டனை என்பது அதன் சாரம். துப்பாக்கிகளோடு ஈட்டி வகைகளும் அதில் அடங்கின. ஊர்க்காவலுக்கென்று ஆயுதம் தாங்கி வாழ்ந்த காவல்காரர்களின் தொழிலையே அது அறுத்தது.

அரிவாளுக்குப் பேர் பெற்ற திருப்பாச்சேத்தி இருப்பது மருதுகள் ஆண்ட அதே சிவகங்கைச் சீமையில்தான். ஈட்டியும் துப்பாக்கியும் போயின. அரிவாளைப் பறிக்க முடியவில்லை. பறித்தால் அறுவடை நடக்காது, அறுவடை நடக்காவிட்டால் கும்பினிக்கு வரி வராது. வேளாண் கருவி என்ற விலக்கு சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு வெகு காலம் முன்பே நடைமுறையில் இருந்தது என்று இதைக் கொள்ளலாம்.

1857, 1860, 1878

1857இல் வடக்கே சிப்பாய்களும் உழவர்களும் எழுந்தபோது, அந்த ஆண்டே ஆயுதங்களின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை, வைத்திருத்தல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அவசரச் சட்டமாகத் தொடங்கிய அது, 1860இல் 31ஆம் எண் சட்டமாகத் திரும்ப எழுதப்பட்டது. அதன் 32ஆம் பிரிவு முக்கியமானது. குறிப்பிட்ட வட்டாரங்களில் மக்களிடமிருந்து ஆயுதங்களை முழுமையாகக் களைய அது வழி செய்தது. கிளர்ச்சி நடந்த பகுதிகளே அதன் இலக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878இல், இந்திய மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டம் வந்த அதே ஆண்டில், இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்றால் துப்பாக்கி, துப்பாக்கிச் சனியன், வாள், குத்துவாள், ஈட்டி, ஈட்டிமுனை, வில், அம்பு, பீரங்கி என்று பட்டியல் நீண்டது. விற்பதற்கு உரிமம் வேண்டும். ஆயுதம் தாங்கி வெளியே நடமாடுவதற்கும் உரிமம் வேண்டும். வீட்டில் வைத்திருப்பதைப் பொறுத்தவரை சட்டம் இரண்டாகப் பிரித்தது. துப்பாக்கிக்கு ஒரு பிரிவு. மற்ற ஆயுதங்களுக்கு 15ஆம் பிரிவு: 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவு நடைமுறையில் இருந்த இடங்களிலும், அரசு தனியே அறிவிக்கும் இடங்களிலும் எந்த ஆயுதத்தையும் உரிமம் இன்றி வைத்திருக்கக் கூடாது.

இந்த 15ஆம் பிரிவை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 'அறிவிக்கப்பட்ட பகுதி' என்ற எண்ணம் அங்கே வேர் கொண்டது. கிளர்ச்சி அடக்கப்பட்ட மாவட்டங்களுக்காகத் தோன்றிய அந்த ஏற்பாடு, வேறு எண்ணில், வேறு சொற்களில், இன்றும் நம் சட்டத்தில் இருக்கிறது.

யாருக்கு விலக்கு?

1878ஆம் ஆண்டுச் சட்டம் மக்களைக் காயப்படுத்தியது அதன் விலக்குகளால். ஐரோப்பியருக்கு விதிகளின்படி விலக்கு இருந்தது, இந்தியருக்கு இல்லை. 1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது மாநாட்டிலேயே இந்தச் சட்டத்துக்கு எதிரான குரல் எழுந்தது. இளைஞரான பிபின் சந்திர பால் அங்கே அதை நீக்கச் சொல்லிப் பேசினார். அகிம்சையை வாழ்க்கையாகக் கொண்ட காந்தியும், 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்டியபோது, ஒரு நாட்டையே ஆயுதமற்றதாக்கிய இந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சாடினார். 1930இல் அவர் இர்வின் பிரபுவிடம் வைத்த 11 கோரிக்கைகளில் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்குவதும் ஒன்று. உப்பு வரி மட்டுமே நமக்கு நினைவில் நிற்கிறது.

இந்தியர்களுக்குள்ளும் சிலருக்கு விலக்கு இருந்தது. குடகு மக்கள் பரம்பரையாக இரண்டு கத்திகள் வைத்திருப்பவர்கள். இடுப்பின் முன்பக்கம் செருகுவது பீச்சேகத்தி. முதுகுப் பக்கம் தாங்கி மாட்டுவது அகன்று வளைந்த ஒடிகத்தி. திருமணச் சடங்கில் வாழைத்தண்டை வெட்டுவதும் அதைக் கொண்டுதான். 1857க்குப் பின் நாடு முழுவதும் ஆயுதக் களைவு நடந்தபோது, விசுவாசமாக இருந்தார்கள் என்பதற்காக 1861இல் குடகர்களுக்கு ஆணையர் மார்க் கப்பன் விலக்கு அளித்தார். சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. குடகு இனத்தவருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் உள்ள அந்த விலக்கை 2019இல் மத்திய அரசு மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று தொடரப்பட்ட வழக்கை 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. காலனி அரசு தந்த பரிசு குடியரசில் பண்பாட்டு உரிமையாக மாறியது. அதைச் சரி என்பதா தவறு என்பதா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

சீக்கியர்களின் கிர்பான் கதை இதற்கு நேர்மாறு. அது விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசாக வரவில்லை, சிறை சென்று பெற்றது. சமயக் கடமையாக அணியும் கிர்பான் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் ஆயுதமாகவே தெரிந்தது. இடைவிடாத கோரிக்கைகளுக்குப் பிறகு 1914இல் பஞ்சாபில் விலக்கு கிடைத்தது. பின்னர் அது மற்ற பகுதிகளுக்கும் விரிந்தது. சிக்கல் அங்கே முடியவில்லை. விலக்கு தந்த ஆணை கிர்பானின் நீளம் என்ன என்று சொல்லவில்லை. 1920களின் தொடக்கத்தில் அகாலி இயக்கம் வலுத்தபோது, நீண்ட கிர்பான் அணிந்தவர்களை, அது வாள் என்று சொல்லி அரசு கைது செய்தது. குறுங்கத்தி எங்கே முடிகிறது, வாள் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்காக மனிதர்கள் சிறை சென்றார்கள். இந்திய அரசமைப்பின் 25ஆம் உறுப்பின் முதல் விளக்கம், கிர்பான் அணிவதும் வைத்திருப்பதும் சீக்கிய சமயத்தைக் கடைப்பிடிப்பதில் அடங்கும் என்று சொல்வதற்கு இந்த வரலாறே காரணம். அந்த விளக்கமும் நீளத்தைச் சொல்லவில்லை.

1959: புதிய சட்டம்

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், முறைப்படுத்தலுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. அரசமைப்பு அவையில் 1948 டிசம்பரில் எச். வி. காமத் அந்த உரிமையை அரசமைப்பில் எழுத வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் எதிர்த்தார். நாட்டுப் பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது. திருத்தம் தோற்றது. ஆயுதம் உரிமை என்ற நிலையிலிருந்து அனுமதி என்ற நிலைக்கு இறங்கியது அப்போதுதான்.

பழைய சட்டம் 11 ஆண்டுகள் அப்படியே தொடர்ந்தது. 1959இல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி, 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த மசோதாவின் நோக்க உரையைப் படிப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. கத்தி, ஈட்டி, வில், அம்பு முதலியவற்றை ஆயுதம் என்ற இலக்கணத்திலிருந்தே விலக்குவது அதன் நோக்கங்களில் ஒன்றாகக் கூறப்பட்டிருந்தது. வெள்ளையர் காலத்து அவமானத்தைத் துடைப்பது போன்ற ஒரு வாக்குறுதி அது. ஆனால் நிறைவேறிய சட்டத்தின் இலக்கணத்தில் கூர்மையான அலகுடைய ஆயுதங்கள் திரும்பவும் இடம்பெற்றுவிட்டன. தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதமே. வீட்டு, வேளாண் உபயோகத்துக்காக மட்டுமே செய்யப்பட்டவை ஆயுதம் ஆகா. லத்திக் கம்பும் சாதாரணக் கைத்தடியும் அப்படி விலக்கப்பட்டன. நோக்க உரை கத்தியை முழுதாக விடுவிக்க நினைத்தது, சட்டமோ அதன் பயனைப் பார்த்து விடுவித்தது.

வாங்குவது ஒன்று, விற்பது ஒன்று

இன்று கத்தி வாங்க நினைக்கும் ஒருவர் அறிந்திருக்க வேண்டியது இச்சட்டத்தின் 3, 4, 5 ஆகிய மூன்று பிரிவுகளின் வேறுபாடு. பத்திரிகைச் செய்திகளில் இவை பெரும்பாலும் குழம்பிக் கிடக்கின்றன.

மூன்றாம் பிரிவு, உரிமம் இன்றித் துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கவோ வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது என்கிறது. அதில் கத்தி இல்லை. ஐந்தாம் பிரிவு தொழிலைப் பற்றியது. துப்பாக்கியையும், விதிகளில் குறிப்பிடப்படும் மற்ற ஆயுதங்களையும் உரிமம் இன்றிச் செய்வது, விற்பது, விற்பனைக்கு வைத்திருப்பது குற்றம். இதில் கத்தி வருகிறது. நான்காம் பிரிவுதான் 1878ஆம் ஆண்டு 15ஆம் பிரிவின் வாரிசு. ஒரு பகுதியின் சூழ்நிலை காரணமாகத் தேவை என்று மத்திய அரசு கருதினால், அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு, அங்கே குறிப்பிட்ட வகை ஆயுதங்களை உரிமம் இன்றி வாங்குவதையும் வைத்திருப்பதையும் தடுக்கலாம். அதிகாரத்தை மாநிலங்களுக்கு ஒப்படைக்க 43ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஆக, அறிவிக்கை இல்லாத ஊரில் ஒரு கத்தியை வெறுமனே வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி குற்றமாகாது. அறிவிக்கை உள்ள ஊரில் ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மாவட்ட எல்லையைத் தாண்டும் பேருந்துப் பயணிக்கு அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பது தெரிய வாய்ப்பில்லை. கத்தி வழக்குகள் பலவற்றில், அறிவிக்கையை அரசுத் தரப்பு தாக்கல் செய்யாததாலேயே குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிறார். சாட்சிகள் பொய்த்ததால் அல்ல, அரசிதழின் ஒரு தாள் கோப்பில் இல்லாததால். அந்த விடுதலை வரும் நாள் வரை அவர் சிறையிலும் நீதிமன்ற வாசலிலும் கழித்த காலத்துக்குக் கணக்கு இல்லை.

எந்தக் கத்தி என்பதை விதிகள் சொல்கின்றன. 1962ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை, துப்பாக்கி அல்லாத ஆயுதங்களுக்கானது. வாள், கைத்தடிக்குள் மறைத்த வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடரி ஆகியவற்றோடு, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளும் அதில் உண்டு. கிர்பானும் கூர்க்கர்களின் குக்ரியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவை விலக்கு. 2016இல் புதிய விதிகள் வந்தபோதும் இந்த அளவுகள் ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தன.

இறைச்சிக் கடையில் தொங்கும் வெட்டுக்கத்தியின் அகலம் 2 அங்குலத்துக்கு மேல்தான் இருக்கும். பலாப்பழம் வெட்டும் கத்தி 9 அங்குலத்தைத் தாண்டும். அவற்றைக் காப்பது விலக்கு மட்டுமே. கவனிக்க வேண்டிய இன்னொரு சொல் இருக்கிறது. சட்டத்தின் இலக்கணம் வீட்டு, வேளாண் உபயோகத்துக்காக 'மட்டுமே' செய்யப்பட்டவற்றை விலக்குகிறது. விதிகளின் அட்டவணையில் அந்த 'மட்டுமே' இல்லை. அரிவாள் வயலுக்கும் பயன்படும், வம்புக்கும் பயன்படும். இந்த ஒரு சொல்லின் இடைவெளியில் வழக்கறிஞர்கள் வாதாட நிறைய இடம் இருக்கிறது.

பொத்தான் கத்தி

கத்தியின் நீளத்தைவிட அது திறக்கும் விதத்தைக் கண்டு அஞ்சுவது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கியது. அமெரிக்காவில் நகரத்து இளைஞர் கும்பல்களைப் பற்றிய பரபரப்பு பத்திரிகைகளிலும் திரைப்படங்களிலும் ஓடியது. அதைத் தொடர்ந்து 1958இல் பொத்தான் கத்திகளை மாநிலங்களுக்கு இடையே விற்பதைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் வந்தது. பிரிட்டன் அடுத்த ஆண்டே, அதாவது இந்தியா தன் ஆயுதச் சட்டத்தை எழுதிய 1959இல், பொத்தான் கத்தி செய்வதையும் விற்பதையும் தடை செய்தது. ஆனால் ஏற்கெனவே வாங்கியதை வீட்டில் வைத்திருப்பதை பிரிட்டன் குற்றமாக்கவில்லை. அதற்கு 60 ஆண்டுகள் ஆயின. 2019ஆம் ஆண்டின் சட்டம் வீட்டில் வைத்திருப்பதையும் தடுத்தது. அந்தத் தடை 2021இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்படைத்தவர்களுக்கு இழப்பீடு தரும் திட்டமும் இருந்தது. வகை வகையாகப் பெயர் சொல்லித் தடுப்பது பிரிட்டனின் வழி. 2008இல் வளைந்த வாள், 2016இல் திரைப்படப் பேய்களின் கைக் கத்தியைப் போன்ற 'ஜோம்பி' கத்தி, 2025இல் 'நிஞ்சா' வாள் என்று அந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வகையும் பட்டியலில் ஏறும் முன்பு ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளையின் சாவு நடந்திருக்கிறது.

இந்தியாவில் பொத்தான் கத்தி என்றால் ராம்பூரி. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் நவாப் ஆட்சியில் வளர்ந்த கைத்தொழில் அது. திறக்கும்போது பற்சக்கரம் போல் 'கடகட'வென்று ஓசை எழுப்பும் வகைக்குக் கராரிதார் என்று பெயர். பொத்தானில் திறப்பது பட்டன்தார். 1970களின் இந்திப் படங்களில் வில்லன் அதை விரிக்கும் ஓசையே பாதி வசனம். திரையில் கிடைத்த அந்தப் புகழே ராம்பூர்க் கைவினைஞர்களுக்கு வினையாக முடிந்தது. காவல் துறையின் கெடுபிடியும் அலகு நீளக் கட்டுப்பாடும் உரிமச் சிக்கலும் சேர்ந்து, கடைகள் வரிசையாக இருந்த தெரு விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிப்போனது. பிறகு அந்த ஊரே கத்தியை நினைவுச் சின்னமாக்கியது. 2023இல் சுமார் 20 அடி நீள ராம்பூரி கத்திச் சிலை ஒரு நாற்சந்தியில் நிறுவப்பட்டது. விற்க உரிமம் தேவைப்படும் பொருளுக்கு நகரின் முகப்பில் சிலை.

தில்லி நிர்வாகம் 1980 அக்டோபரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சுருள்வில்லால் இயங்கும் கத்தி, கராரிதார், பட்டன்தார் என ஏதாவது ஒரு பொறியால் திறந்து மூடும் கத்திகளில், 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அல்லது அதற்கு மேலும் உள்ளவை அதில் அடங்கின. 7.62 என்பது மூன்று அங்குலம். மத்திய விதியின் ஒன்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இந்த அறிவிக்கையை வைத்துத் தில்லிக் காவல் துறை பல ஆண்டுகளாக வழக்குப் பதிந்து வந்தது. இரவு ரோந்தில் பிடிபடும் இளைஞர், சட்டைப் பையில் ஒரு பட்டன்தார், இரண்டு காவலர்களே சாட்சி. இந்த அச்சில் வார்த்த வழக்குகள் ஏராளம்.

2025இல் அப்படியொரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. நீதிபதிகள் அறிவிக்கையின் சொற்களைத் திரும்பப் படித்தார்கள். உற்பத்தி, விற்பனை, விற்பனைக்காக அல்லது சோதனைக்காக வைத்திருத்தல் ஆகியவையே அதில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. பிடிபட்டவர் கத்தியை விற்பதற்காக வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகை சொல்லவே இல்லை. வெறுமனே வைத்திருந்தது அந்த அறிவிக்கைப்படி குற்றமாகாது என்று கூறி வழக்கை ரத்து செய்தார்கள். 1980இல் எழுதிய ஒரு வாக்கியத்தை முழுவதும் படிக்க 45 ஆண்டுகள் ஆயின என்று சொன்னால் சற்று மிகையாகத் தோன்றலாம். அதே காலத்தில் அதே அளவுள்ள கத்திகள் இணையக் கடைகளில் வீட்டு வாசலுக்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது மிகை இல்லை.

அரிவாளின் நாட்டில்

தமிழ்நாட்டில் ராம்பூரிக்கு இணையான பட்டன் கத்தி மரபு இல்லை. சூரிக்கத்தி, பிச்சுவா என்ற சொற்கள் உண்டு. ஆனால் தென் மாவட்டங்களில் கொலைச் செய்திகளில் வருவது பெரும்பாலும் அரிவாள்தான். கருப்பசாமி கோயில்களுக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தும் அரிவாள்கள் ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி முன் அவற்றைப் பார்க்கலாம். அரசியல் மேடைகளில் தலைவர்களுக்கு வீரவாள் பரிசளிப்பது இன்னொரு வழக்கம். அட்டவணைப்படி வாள் ஐந்தாம் வகை ஆயுதம் என்பதை அந்த மேடையில் யாரும் நினைப்பதில்லை, நினைக்கவும் வேண்டாம்.

2021 செப்டம்பரில் தென் மாவட்டங்களில் பழிக்குப் பழிக் கொலைகள் அடுத்தடுத்து நடந்தன. அப்போதைய காவல் துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு, ரவுடிகளைப் பிடிக்கும் நடவடிக்கையோடு சேர்த்துப் பட்டறைகளின் பக்கமும் திரும்பினார். அரிவாள், கத்தி வாங்குவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், வாங்கும் காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அடையாளம் தெரியாதவர்களுக்கு விற்கக் கூடாது, கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்று பட்டறைக்காரர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

இது சட்டமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிக்கையும் அல்ல. காவல் துறையின் நிர்வாக அறிவுறுத்தல். உலைக்கு முன்னால் வியர்வை வடிய நிற்கும் கொல்லர் நோட்டைத் திறந்து எழுத வேண்டியிருந்தது. அவருக்கு வந்த சங்கடம் சிறியதல்ல. மண்வெட்டியும் களைக்கொத்தும் அரிவாளும் ஒரே உலையில் வருபவை. வேளாண் கருவி செய்பவராக இருக்கும் வரை அவருக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் நீளமாக, இரு பக்கமும் கூர் வைத்து, பிடிக்குக் கைக்காப்பு போட்டு ஒன்றைச் செய்து தந்தால் அது ஐந்தாம் பிரிவின் எல்லைக்குள் நழுவிவிடலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் ஆயுதம் செய்வதற்கும் விற்பதற்கும் தண்டனை ஏழு ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை போகலாம். கள்ளத் துப்பாக்கித் தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து உயர்த்தப்பட்ட தண்டனை அது. கொல்லுப் பட்டறையும் அதே பிரிவின் நிழலில்தான் இருக்கிறது. இவ்வளவு கடுமையான தண்டனையைத் தாங்கும் அளவுக்குத் தெளிவான எல்லைக்கோட்டைச் சட்டம் போட்டிருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பதே என் கருத்து.

வாங்குவோர் கவனத்துக்கு

சமையலறைக் கத்தி, தோட்டத்து அரிவாள், தொழிற்பட்டறை வெட்டுக்கருவி ஆகியவற்றை வாங்க இந்தியாவில் எங்கும் உரிமம் தேவையில்லை. சிக்கல் தொடங்குவது ஆயுதமாகவே செய்யப்பட்டவற்றில். அலங்கார வாள் என்றும் வேட்டைக் கத்தி என்றும் பெயரிட்டு இணையத்தில் விற்கப்படுவதாலேயே ஒன்று சட்டபூர்வமானதாகிவிடாது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால் 10ஆம் பிரிவு குறுக்கே வரும். ஆயுதம் எதையும் உரிமம் இன்றி நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்கிறது அது. சுங்கத் துறையில் பொட்டலம் தடுக்கப்பட்டால் வாங்கியவரே பதில் சொல்ல வேண்டும்.

வைத்திருப்பதும் தூக்கிக்கொண்டு நடப்பதும் ஒன்றல்ல. ஆயுதச் சட்டத்துக்கு வெளியேயும் தடைகள் உண்டு. மகாராஷ்டிரத்தில் காவல் சட்டத்தின் 37ஆம் பிரிவின் கீழ், குறிப்பிட்ட காலத்துக்குக் கத்தி, கம்பு எதையும் பொது இடத்தில் எடுத்துச் செல்லக் கூடாது என்று உத்தரவிடுவார்கள். பழைய 144 தடை உத்தரவு, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163ஆம் பிரிவாக இருக்கிறது. திருவிழா, தேர்தல், ஊர்வலக் காலங்களில் அது அமலில் இருந்தால் வயலுக்குப் போகும் அரிவாளும் விசாரிக்கப்படலாம். விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது என்பது எல்லோரும் அறிந்தது.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதிலும் துப்பாக்கிக்கும் கத்திக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்களிலும் சிலரே இதைக் கவனிக்கிறார்கள். ஆயுதச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, மூன்றாம் பிரிவுக் குற்றத்துக்கு, அதாவது உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு வழக்குத் தொடர, மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். ஒரு மூத்த அதிகாரி கோப்பைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே வழக்கு நகரும். நான்காம் பிரிவுக்கு அந்த நிபந்தனை இல்லை. கத்தி வைத்திருந்தவர் மீது வழக்குத் தொடர அத்தகைய அனுமதி எதுவும் தேவைப்படுவதில்லை.